திரையரங்கில் பாலே: சட்டகத்துக்கு வெளியேயும் பார்க்கும் பழக்கம்

பாலே நடனத்தை மேடைக்கு எதிரே அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. லண்டன் கோவென்ட் கார்டனில் உள்ள ராயல் ஓபரா ஹவுஸில் நல்ல இருக்கைக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, அதே இரவில் அதே நிகழ்ச்சியை வீட்டுக்கு அருகிலுள்ள திரையரங்கில் பார்த்துவிட முடிகிறது என்றால், அது இந்த நூற்றாண்டில் வந்த வசதி. 2006 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா, மொஸார்ட்டின் ஓபரா ஒன்றைத் தன் மேடையிலிருந்து திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பி இதற்கு வழி திறந்தது. பாலே குழுக்களும் விரைவில் அந்த வழியில் வந்தன. மாஸ்கோவின் பொல்ஷாய் பாலே 2010 முதல் 2022 வரை ஐரோப்பியத் திரைகளில் தொடர்ந்து வந்தது. லண்டனின் ராயல் பாலே இன்றும் ஒவ்வொரு பருவத்திலும் சில படைப்புகளைத் திரைக்கு அனுப்பி வருகிறது.

திரையில் பாலே பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது முதன்மையாக ஒன்றே. மேடைக்கு எதிரே அமர்ந்திருக்கும்போது எதைப் பார்ப்பது என்பதை நம் கண் முடிவு செய்கிறது; திரையரங்கில் அந்த முடிவை ஒளிபரப்பு இயக்குநர் எடுத்துவிடுகிறார். ஒத்திகையைப் பார்த்து, இசைக் குறிப்பை வைத்துக்கொண்டு, எந்த இசையடியில் எந்தக் கேமராவுக்கு மாறுவது என்று முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் இந்த ஒளிபரப்புகள் செய்யப்படுகின்றன. அந்தத் தேர்வுகள் பெரும்பாலும் நல்ல தேர்வுகளே. ஆனால் சட்டகத்துக்குள் ஒரு முகம் நிறைந்திருக்கும் அந்த நொடியில், சட்டகத்துக்கு வெளியே இருபது பேர் ஆடிக்கொண்டிருக்கலாம். அவர்களை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்கப் பழகியவருக்கே முழு நடனமும் கிடைக்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லா யோசனைகளும் அந்தப் பழக்கத்தை வளர்ப்பதற்கானவை.

எதிலிருந்து தொடங்குவது

முதல் முறை பார்ப்பவர் கதையுள்ள ஒரு படைப்பிலிருந்து தொடங்குவது நல்லது. என் பரிந்துரை ‘ஜிசெல்’. 1841 ஜூன் 28 அன்று பாரிஸ் ஓபராவில் முதன்முறை ஆடப்பட்ட இந்த பாலே இரண்டே அங்கங்கள் கொண்டது. இடைவேளையுடன் சேர்த்துச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடோல்ஃப் ஆதாமின் இசை எளிதில் மனதில் பதியக்கூடியது. கதையும் நேரானது: கிராமத்துப் பெண் ஜிசெல், வேடம் மாற்றி வந்த பிரபு ஆல்பிரெக்டைக் காதலிக்கிறாள், அவனுக்கு வேறொருத்தி நிச்சயிக்கப்பட்டிருப்பது தெரிந்ததும் மனம் பேதலித்து இறக்கிறாள். மணமாகும் முன்பே மாண்ட பெண்களின் ஆவிகள் ‘வில்லி’கள் எனப்படுவர். இரவில் காட்டுக்கு வரும் ஆண்களை ஆட வைத்தே கொல்லும் அவர்கள், இரண்டாம் அங்கத்தில் ஆல்பிரெக்டைச் சூழ்கிறார்கள். ஜிசெலின் ஆவி விடியும்வரை அவனைக் காக்கிறது.

இந்தக் கதையை அமைத்த இருவரில் ஒருவர் பிரெஞ்சுக் கவிஞர் தெயோஃபில் கோத்தியே. தமிழ் வாசகருக்கு இவரிடம் தனி அக்கறை ஏற்பட ஒரு காரணம் உண்டு. கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து 1838இல் தேவதாசிகள் சிலர் தங்கள் இசைக்கலைஞர்களுடன் பாரிஸுக்குச் சென்று ஆடினார்கள். அவர்களில் பிரெஞ்சு ஏடுகள் ‘அமனி’ என்று எழுதிய பெண்ணைக் கண்டு வியந்து கட்டுரை எழுதியவர் இதே கோத்தியேதான். சிற்பி ழான் ஒகுஸ்த் பார் அவளது வெண்கல உருவத்தையும் செய்தார். மூன்றே ஆண்டுகள் கழித்து, உயிரை ஈடாகக் கேட்கும் ஆட்டத்தின் கதையான ‘ஜிசெல்’ வந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊர்ச் சதிரைக் கண்ட கண்கள்தாம் இந்தப் பாலேயையும் கற்பனை செய்தன என்ற நினைவோடு திரைக்கு முன் அமர்வது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தருகிறது.

குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களுக்குக் குளிர்காலத்தில் அடிக்கடி திரைக்கு வரும் ‘நட்கிராக்கர்’ பொருத்தமானது. கோழிகளின் ஆட்டமும் மரச் செருப்பு நடனமும் உள்ள, நடன அமைப்பாளர் ஃபிரெடரிக் ஆஷ்டனின் ‘லா ஃபீய் மால் கார்தே’ இன்னும் பொருத்தமானது. இன்னொரு நடன அமைப்பாளரான கென்னத் மக்மிலனின் ‘மேயர்லிங்’ மிகப் பெரிய படைப்பு என்றாலும், ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃபின் போதைப் பழக்கமும் வன்முறையும் இருவர் மரணமும் மேடையிலேயே காட்டப்படுவதால் சிறுவர்களுக்கு உகந்ததல்ல. பாலே என்றாலே வெண்ணிற உடையும் அன்னங்களும் என்று எண்ணிக் குழந்தையுடன் சென்று, பாதியில் எழுந்து வர நேர்ந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். கதைச் சுருக்கத்தை முன்பே படித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

போவதற்கு முன்

கதைச் சுருக்கத்தைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். அதை முந்தைய நாளே செய்துவிடுவது நல்லது. பாலேயில் பொதுவாகப் பேச்சில்லை, பாட்டில்லை. ஆகையால் யாருக்கும் மொழி தடையாவதில்லை. ஆனால் கதை தெரியாமல் போனால் முதல் அரை மணி நேரம் யார் யார் என்று கண்டுபிடிப்பதிலேயே கழிந்து, நடனம் கண்ணில் படாமலே போய்விடும். முடிவு தெரிந்துவிட்டால் சுவை குறையுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. கோவலன் கொலையுண்பான் என்பது தெரிந்தேதான் நாம் தெருக்கூத்தில் விடிய விடிய அமர்ந்திருக்கிறோம்.

இசையையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்டாலும் போதும். ஆதாம் இந்தப் பாலேயில் சில மெட்டுகளைத் திரும்பத் திரும்ப வரவழைக்கிறார். முதல் அங்கத்தில் காதலர்கள் ஆடும்போது வந்த மெட்டு, ஜிசெல் மனம் பேதலிக்கும் கட்டத்தில் துண்டு துண்டாக உடைந்து திரும்பி வருகிறது. அதை அடையாளம் காணும் காது இருந்தால், கேமரா எதைக் காட்டினாலும் அவள் எதை நினைத்துக்கொள்கிறாள் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது நடுவிலிருந்து சற்றே பின்தள்ளிய வரிசையின் மையப் பகுதியைக் கேளுங்கள். முழு மேடையும் திரையில் விரியும்போது அதை ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ள முடிய வேண்டும். முன்வரிசையில் அமர்ந்தால் குழு நடனத்தின்போது தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்க நேரும். லண்டனிலிருந்து வரும் நேரலைகள் வழக்கமாக அங்கு மாலை 7.15 மணிக்குத் தொடங்குகின்றன. நேர வேறுபாடு மிகுந்த நாடுகளில் பதிவு செய்யப்பட்ட காட்சி பின்னர் ஒருநாள் திரையிடப்படுகிறது. எது உங்கள் ஊரில் கிடைக்கிறது என்பதைச் சீட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காயம் காரணமாக நடனக் கலைஞர்கள் கடைசி நேரத்தில் மாறுவது பாலே உலகில் வழக்கம் என்பதால், ஒரே ஒருவரைப் பார்ப்பதற்காக மட்டும் போகிறவர்கள் அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது.

கேமரா கொடுப்பதும் எடுத்துக்கொள்வதும்

திரையின் பெருங்கொடை முகம். ஓபரா ஹவுஸின் மேல்மாடத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கிடைக்காத கண்ணசைவும் உதட்டுத் துடிப்பும் திரையரங்கில் கடைசி வரிசைக்கும் கிடைக்கின்றன. ஜிசெல் மனம் பேதலிக்கும் கட்டம் இதற்குச் சிறந்த சான்று. அவிழ்ந்த கூந்தலோடு, சற்று முன் மகிழ்ந்து ஆடிய அதே அடிகளை அவள் தடுமாறித் தடுமாறி மீண்டும் ஆடிப் பார்க்கிறாள். காதலன் தன்னை நேசிக்கிறானா என்று பூவிதழ்களைக் கிள்ளிப் பார்த்த விளையாட்டை, கையில் பூ இல்லாமலே, விரல்களால் மட்டும் திரும்பச் செய்கிறாள். 2016இல் ராயல் பாலேயின் ‘ஜிசெல்’ திரைக்கு வந்தபோது அதில் மரியனெலா நூன்யெஸ் ஆடினார். இந்த இடத்தில் இல்லாத பூவைப் பார்க்கும் கண்களை அவ்வளவு அருகில் காண்பதற்காகவே திரையரங்குக்குப் போகலாம்.

திரை எடுத்துக்கொள்வது தரை. இதைச் சற்று விளக்க வேண்டும். ஆடுபவர் தாவும்போது கேமராவும் அவருடன் மேலெழுந்தால், தரை சட்டகத்தை விட்டு நழுவிவிடுகிறது. எவ்வளவு உயரம் எழும்பினார் என்பதை அளக்க நமக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அவர் மேடையைக் குறுக்கே கடந்து ஓடும்போது கேமரா அவரைத் தொடர்ந்து திரும்பினால், அவர் ஒரே இடத்தில் நின்று கால்களை அசைப்பது போலத் தோன்றுகிறது. தொலைவிலிருந்து நெருக்கிக் காட்டும் லென்ஸ் ஆழத்தைத் தட்டையாக்குவதால், முன்னும் பின்னுமாக நிற்கும் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே தாவல்கள் வரும் இடங்களில் ஆடுபவரைப் பார்ப்பதோடு அவருக்குப் பின்னால் உள்ள காட்சித் திரைச்சீலை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் பாருங்கள். பின்னணியின் வேகமே அவரது வேகம். தாவிய பின் தரையைத் தொடும் ஓசையையும் கவனியுங்கள். உயரத் தாவி ஓசையின்றி இறங்குபவரே தேர்ந்தவர். அதைக் கேட்கத் திரையரங்கின் ஒலிபெருக்கிகள் உதவும்.

கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. நானும் பல மாதங்கள் அப்படித்தான் பார்த்தேன். முதல் அங்கத்தில் ஜிசெலின் தனி நடனத்தில், ஒற்றைக் காலின் விரல்நுனியில் குதித்துக் குதித்தே மேடையை மூலைவாட்டில் கடக்கும் பகுதி ஒன்று உண்டு. கேமரா பாதத்தை நெருங்கும்போது அந்த உழைப்பு நமக்குத் தெரிகிறது: சாட்டின் துணிக்குள் சாக்குத் துணியும் காகிதமும் பசையும் அடுக்கி இறுக்கிய சிறு பெட்டி போன்ற காலணி நுனி ஒவ்வொரு குதிப்பிலும் தரையைத் தட்டுகிறது. ஆனால் நடனத்தின் அழகு, அதே நேரத்தில் இடுப்புக்கு மேலே எந்த உழைப்பும் தெரியாமல், பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு தாயையும் காதலனையும் பார்த்துச் சிரிக்கும் அந்த நிதானத்தில் இருக்கிறது. கேமரா விலகி முழு உடலும் தெரியும் நொடியில் உடனே தோளுக்கும் கழுத்துக்கும் பார்வையை உயர்த்துங்கள். பரதத்தில் அடவு சுத்தத்தோடு முகமும் கையும் சேர்ந்தால்தான் ஆட்டம் என்று நாம் சொல்வதில்லையா, அதே அளவுகோல் இங்கும் செல்லும்.

நம் கண்ணுக்குப் பழகியதும் பழகாததும்

பரதநாட்டியம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பாலேயில் ஒரு பகுதி உடனே பிடிபடும். அது மௌன அபிநயம். கையை நெஞ்சில் வைத்தால் காதல். மோதிர விரலைச் சுட்டினால் திருமணம். முகத்தைச் சுற்றிக் கையால் வட்டமிட்டால் அழகு. இரு விரல்களை மேலே உயர்த்தினால் சத்தியம். தலைக்கு மேலே இரு கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று சுழற்றினால் நடனம். கைகளை முறுக்கிக் குறுக்காகக் கீழே இறக்கினால் மரணம். இந்த ஆறு முத்திரைகளை நினைவில் வைத்துக்கொண்டாலே போதும். முதல் அங்கத்தில் ஜிசெலின் தாய் வில்லிகளைப் பற்றி எச்சரிப்பதும், இரண்டாம் அங்கத்தில் அவர்களின் அரசி மிர்த்தா ‘சாகும்வரை ஆடு’ என்று ஆணையிடுவதும் பேச்சைப் போலவே விளங்கும்.

பழகாதது உடலின் திசை. அரைமண்டியில் நாம் தரையை நோக்கி அமர்ந்து, தட்டி, அதிலிருந்து வலிமை பெறுகிறோம். பாலே தரையிலிருந்து விலகவே முயல்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் பரதம் கற்பதற்கு முன்பு, ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்றவர். சொந்த நாட்டுக் கலையின் பக்கம் அவரைத் திருப்பியதில் பாவ்லோவாவுக்கும் பங்குண்டு. இரண்டு உடல்மொழிகளையும் அறிந்தவர் என்பதாலேயே இந்த வேறுபாட்டை அவர் உடலால் உணர்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். திரையில் மிர்த்தா முதன்முதலாக வரும் இடத்தைக் கவனியுங்கள். முக்காடிட்ட உருவம் விரல்நுனியில் மிகச் சிறிய அடிகள் வைத்து மேடையைக் கடக்கிறது. பாவாடையின் விளிம்பு அசையவே இல்லை, நீர்மேல் விளக்கு மிதந்து போவது போலிருக்கிறது. இங்கே கேமரா பாதத்தை நெருங்காமல் இருந்தால் அந்த இயக்குநருக்கு நடனம் தெரியும் என்று கொள்ளலாம்.

குழு நடனம் வரும்போது

திரையில் பாலே பார்ப்பதில் கடினமான பகுதி இதுதான். இரண்டாம் அங்கத்தில் வில்லிகள் இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஒரு காலைப் பின்னே நீட்டி, மற்றொரு காலால் தத்தித் தத்தி எதிரெதிராக வந்து, ஓர் அணி மற்றோர் அணியின் இடைவெளிகளுக்குள் புகுந்து கடக்கிறது. மேல்மாடத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தறியில் பாவும் ஊடும் கோத்துக்கொள்வது போலத் தெரியும். கேமரா முன்வரிசைப் பெண்ணின் முகத்துக்குப் போய்விட்டால் அந்த நெசவு போய்விடும். எனவே முழு மேடையும் காட்டப்படும் முதல் சில நொடிகளுக்குள் எத்தனை வரிசைகள், எந்தப் பக்கம் நகர்கின்றன, வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று மனதில் வரைந்துகொள்ளுங்கள். அடுத்து அண்மைக்காட்சி வந்தாலும் அந்த வரைபடம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கேமரா மீண்டும் விலகும்போது அவர்கள் எங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டுமோ அங்கேயே நிற்பதைக் காண்பீர்கள். இந்த மகிழ்ச்சி பழகப் பழகத்தான் கிடைக்கும்.

இதே பயிற்சிக்கு இன்னொரு நல்ல இடம் ‘லா பயதேர்’ பாலேயில் மாண்டோரின் நிழல்கள் தோன்றும் காட்சி. மாரியஸ் பெட்டிப்பா 1877இல் அமைத்த இந்தப் படைப்பின் நாயகி இந்தியக் கோயில் நடனப் பெண். அமனியின் குழுவைப் பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த அதே சொல்தான் இதன் தலைப்பும். இதில் காட்டப்படும் கோயிலும் பக்கிரிகளும் உண்மை இந்தியாவோடு தொடர்பில்லாதவை. அவற்றைப் பார்க்கும்போது நமக்கு வருத்தம் ஏற்படுவது நியாயமே, அதை அடக்கிக்கொள்ளத் தேவையில்லை. ஆயினும் வெண்ணிற உடையணிந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிவுப் பாதையில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தபடி இறங்கி மேடையை நிறைக்கும் அந்தக் காட்சி பாலே கலையின் உச்சங்களில் ஒன்று. முதலில் இறங்கியவர், கடைசிப் பெண் இறங்கும்வரை அதே அசைவைத் தொடர வேண்டும். அவரையே கண்ணால் பிடித்துக்கொண்டு, சலிப்போ நடுக்கமோ தெரிகிறதா என்று பாருங்கள்.

சமகாலப் படைப்புகளுக்கு வேறு கண்

கதையற்ற சமகால பாலேயைப் பார்க்கும்போது ‘இதற்கு என்ன பொருள்’ என்ற கேள்வியைச் சற்று ஒத்திவைத்து, எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: யார் யாரைத் தாங்குகிறார், யார் சாய்கிறார், கூட்டம் எப்போது மூச்சுவிடுகிறது. 2017இல் ராயல் பாலேக்காகக் கிறிஸ்டல் பைட் அமைத்த ‘ஃப்ளைட் பேட்டர்ன்’ 36 பேர் ஆடும் படைப்பு. போலந்து இசையமைப்பாளர் கொரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்ஃபனிக்கு, அகதிகளின் நெருக்கமான வரிசை ஒரே உடலாக அசைகிறது. இடப்பெயர்வைத் தன் குடும்பத்தில் அறிந்தவருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. வேய்ன் மெக்ரெகரின் ‘வுல்ஃப் வொர்க்ஸ்’ 2015இல் அரங்கேறியபோது அதன் முதன்மை நடனக் கலைஞர் அலெஸாண்ட்ரா ஃபெர்ரிக்கு வயது 52; ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் பதிவு செய்யப்பட்ட குரலோடு தொடங்கும் அந்தப் படைப்பில், இளமையின் தாவலுக்குப் பதிலாக அனுபவத்தின் நிதானத்தை அவரிடம் காணலாம். இத்தகைய நுட்பத்துக்கு அண்மைக்காட்சி பெருந்துணை.

செவ்வியலையும் சமகாலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் ‘ஜிசெல்’ பார்த்த சில வாரங்களுக்குள் அக்ரம் கானின் ‘ஜிசெல்’ பதிவையும் தேடிப் பாருங்கள். கதக் பயின்ற அவர் இங்கிலிஷ் நேஷனல் பாலேக்காக 2016இல் அமைத்த இது, 2018இல் திரையரங்குகளுக்கு வந்தது. கிராமம் இருந்த இடத்தில் மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையின் வேலையிழந்த தொழிலாளர்கள். அவர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையே ஒரு மாபெரும் சுவர். வில்லிகள் இங்கே ஆலையில் மாண்ட பெண்கள், கைகளில் கழிகள். பழைய படைப்பில் விரல்நுனி தரையை விட்டு விலகும் வழி. இதில் அதே விரல்நுனி அச்சுறுத்தும் கூர்மை. ஒன்றைப் பார்க்காமல் மற்றொன்றைப் பார்த்தால் இந்த மாற்றத்தின் ஆழம் பாதிதான் தெரியும்.

இடைவேளையும் முடிவும்

இடைவேளையில் எழுந்து போனாலும் சில நிமிடங்கள் முன்னதாகவே திரும்பி வாருங்கள். அடுத்த அங்கத்துக்கு முன்பு பயிற்சியாளர்கள் ஒத்திகை அறையில் ஒரு கையசைவைத் திருத்தும் காட்சியோ, நடனக் கலைஞர்களின் பேட்டியோ வரக்கூடும். மேடைக்கு நேரில் போனவர்களுக்குக் கிடைக்காத பகுதி அது. சிறப்பான தனி நடனத்தின் முடிவில் திரையரங்கில் கைதட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகத் தட்டலாம், அடுத்த இசை தொடங்கியதும் நிறுத்திவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

திரை விழுந்ததும் கிளம்பிவிடாதீர்கள். வணக்கம் சொல்ல முதலில் வருபவர்கள் குழு நடனக் கலைஞர்கள். பிறகு மிர்த்தா, ஆல்பிரெக்ட், ஜிசெல் என வந்து, கடைசியில் இசை நடத்துநரையும் கைப்பிடித்து மேடைக்கு அழைப்பார்கள். அன்றைய இரவில் கேமரா அசையாமல் முழு மேடையையும் நிதானமாகக் காட்டும் நேரம் அதுவாகத்தான் இருக்கும். வெள்ளை உடையில் நிற்கும் அந்தப் பெண்களை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒவ்வொருவராகப் பாருங்கள். இரண்டாம் அங்கம் முழுவதும் சட்டகத்தின் ஓரத்தில் நின்றவர்கள் அவர்கள்தாம்.